வாசிக்காமல் விட்ட பாடம்

என் ஆசைக் கௌரி அக்கா,

பக்கத்து வீட்டில் காலையிலிருந்து தரைக்கு டைல்ஸ் வெட்டுகிறார்கள். அந்தச் சத்தம் ஓயும்வரை என்னால் ஒன்றும் பதிவு செய்ய முடியாது. அறைக்குள் நாலைந்து தடவை நடந்துவிட்டேன். தேத்தண்ணி போட்டேன், குடிக்காமல் ஆறவிட்டேன். மைக் வயரைச் சுருட்டினேன், திரும்பவும் விரித்தேன். சும்மா இருக்க ஏலாமல்தான் இந்தக் கொப்பியை எடுத்தேன். உனக்கு நான் ஒரு நாளும் கடிதம் எழுதியதில்லை. "எழுதி என்னடி செய்யிறது, வாசி" என்று நீ சொல்லியிருப்பாய்.

நீ போய் ஒன்றரை வருடமாகிவிட்டது. உன்னிடம் சொல்ல நிறையச் செய்தி இருக்கிறது. அதில் ஒன்று இருபத்து மூன்று வருடம் பழையது. அதற்கு நான் மெல்லத்தான் வரவேண்டும். முதலில் சுலபமாகச் சொல்லக்கூடியதைச் சொல்கிறேன். நம் அறை மாறிவிட்டது.

இந்தக் கொப்பி ஒரு நாள் மற்றவர்கள் கையிலும் படலாம் என்பதால் உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். உனக்கு ஆறு வயதில் பார்வை முழுதாகப் போனது. அன்றிலிருந்து அம்மா அந்த அறையில் ஒரு சாமானையும் அசைத்ததில்லை. வாசலிலிருந்து உன் கட்டிலுக்கு நான்கு அடி. தலைமாட்டிலிருந்து அலுமாரிக்கு இரண்டு அடி. நான் ஒரு தடவை கதிரையை நடுவில் விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனதில் நீ தடுக்கி விழுந்து உன் நாடி வெடித்து மோவாயெல்லாம் இரத்தம். அன்றைக்கு அகப்பைக் காம்பால் வாங்கிய அடிக்குப் பிறகு நானும் எதையும் அசைக்கவில்லை. அப்பா இறந்தபிறகு நாம் மூன்று பேரும் அந்த ஒரே அறையில்தான் படுத்தோம். முன் விறாந்தை தெருவைப் பார்த்தபடி இருந்ததால் அங்கே யாருக்கும் தூக்கம் வராது.

உன் கட்டிலில் இருந்துகொண்டே சந்தி ஓட்டோக்காரர் எல்லாரையும் நீ ஆட்டிவைத்தாய். ஊரில் யாருக்கு ஓட்டோ வேண்டுமென்றாலும் உனக்குத்தான் போன் எடுப்பார்கள். எந்த ஓட்டோ எங்கே நிற்கிறது, எந்த டிரைவர் நிதானமாக ஓடுவான், எல்லார் நம்பரும் உன் தலைக்குள். உன் செத்தவீட்டில் பதினெட்டு ஓட்டோ வரிசையாக உனக்குப் பின்னால் வந்தன. அதை யாராவது உனக்குச் சொன்னார்களா?

நீ போனபிறகு அம்மா உன் கட்டிலில் படுக்கத் தொடங்கினார். உன் போனை ஒவ்வொரு நாளும் சார்ஜ் போட்டுத் தலைமாட்டில் வைத்தார். விபரம் தெரியாதவர்கள் இன்னும் ஓட்டோ கேட்டு எடுத்தார்கள். அம்மா "அவ இல்லை" என்று மட்டும் சொல்வார். வெளியே போயிருக்கிறாய் என்று நினைத்து அவர்கள் மறுநாளும் எடுப்பார்கள்.

மூன்று மாதம் கழித்து அந்தப் போனில் ஒரு குரல் செய்தி வந்தது. "கௌரி அக்கா, தர்சிகா கதைக்கிறன், குச்சவெளியில இருந்து. கன நாளா உங்கட சத்தமே இல்லை. நீங்கள் சொன்ன தங்கச்சி எப்ப வாசிச்சு அனுப்புவா? எனக்கு வாற வருசம் ஏ.எல். சோதனை."

பார்வையில்லாதவர்கள் பேசிக்கொள்ளும் ஒரு போன் குழுவில் அவளை உனக்குப் பழக்கம் என்று எனக்கு அதுவரை தெரியாது. மேலே தேடினேன். உன்னைக் கொண்டுபோன அந்தக் காய்ச்சல் வருவதற்கு ஒரு கிழமை முன்னால் நீ அவளுக்கு அனுப்பிய செய்தி அங்கே இருந்தது. உன் குரல், அக்கா. மூன்று மாதத்துக்குப் பிறகு உன் குரல். "என்ர தங்கச்சி ராகினி இருக்கிறாள் பிள்ளை. அவள் வாசிச்சுத்தான் நான் படிச்சனான். நல்லா வாசிப்பாள். நான் சொல்லி அனுப்புவிக்கிறன்."

நல்லா வாசிப்பாள். அந்த இரண்டு சொல்லும் என்னை அறைந்தமாதிரி இருந்தன. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

தர்சிகாவுக்கு நீ இல்லை என்று சொன்னேன். அவள் அழுதாள். அழுது முடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அப்ப அக்கா, நீங்கள் வாசிப்பீங்களோ?" என்று கேட்டாள். அவளுடைய சரித்திரப் புத்தகத்தையும் நோட்ஸையும் யாரோ படமெடுத்துக் கொடுத்திருந்தார்கள். போன் அவற்றை வாசிக்காது. ஒவ்வொரு பக்கத்துக்கும் "படம்" என்று மட்டும் சொல்லும். "முன்னூறு தரம் படம் எண்டு கேட்டிட்டன் அக்கா" என்றாள். நான் எப்படி மறுப்பது?

முதல் பாடத்தை விறாந்தையில் இருந்து என் போனில் பதிந்து அனுப்பினேன். அன்றைக்கே பதில் வந்தது.

"அக்கா, கோவிக்காதேங்கோ. சரித்திரத்தை விடக் காகம்தான் கூடக் கேக்குது. பாண் விக்கிற ஓட்டோக்காரர் ரெண்டு தரம் பாட்டுப் போட்டுக்கொண்டு போறார். பிறகு ஆரோ குப்பை வாளியைத் தட்டி விழுத்துகினம்."

"அது ஆக்கள் இல்லை, மான்" என்று பதில் போட்டேன். திருகோணமலை டவுனில், நம் ஒழுங்கைக்குள் மான் வருவது உனக்கும் எனக்கும் புதினமில்லை. குச்சவெளிக்காரிக்கு அது புதினம். "மானோ? வீட்டு வாசலிலயோ?" என்று கேட்டுவிட்டு அரை நிமிடம் சிரித்தாள். சிரித்து முடித்ததும் சொன்னாள்: "மான் நல்லம் அக்கா. ஆனா எனக்குப் பாடம் விளங்கேல்லை."

நான் உப்புவெளியில் ஒரு விருந்தினர் விடுதியில் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறேன். அங்கே என்னோடு இருக்கும் பர்சானா கிண்ணியாக்காரி. அவளுடைய அண்ணன் கலியாண வீடியோ எடுப்பவர், ஆகவே அவளுக்குச் சத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். "வீட்டுல ஒவ்வொரு அறையிலயும் நிண்டு கை தட்டிப் பாருங்க ராகினி. எங்க தட்டின சத்தம் திரும்பி வரல்லையோ, அங்கதான் நீங்க வாசிக்கணும்" என்றாள். நான் விறாந்தையில் தட்டினேன், குசினியில் தட்டினேன், அறையில் மூலை மூலையாகப் போய்த் தட்டினேன். அம்மா அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "என்ன, உனக்குப் பேய் பிடிச்சிட்டுதோ?"

நல்ல மூலை எது தெரியுமா? உன் அலுமாரி நின்ற மூலை. தெருவிலிருந்து ஆகத் தூரமாக இருப்பது அதுதான். அலுமாரியை இழுத்து யன்னலை மறைத்து நிறுத்தவேண்டும், உன் கட்டிலை மறுபக்கச் சுவரோடு தள்ளவேண்டும், அந்த மூலையில் ஒரு மேசை போடவேண்டும். அம்மாவிடம் கேட்டேன்.

"அதை அசைக்க ஏலாது" என்றார்.

"ஏன் அம்மா?"

"கௌரி இடிபடுவாள்."

சொன்னபிறகுதான் அது அம்மாவின் காதிலேயே விழுந்தது. அவர் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டார். இரண்டு கிழமை நாங்கள் இரண்டு பேரும் அந்தக் கதையை எடுக்கவில்லை. தர்சிகா ஒவ்வொரு நாளும் "அக்கா, ரெண்டாம் பாடம்?" என்று கேட்டபடி இருந்தாள். எனக்குப் படுத்தால் நித்திரை இல்லை, எழும்பினால் வேலை ஓடவில்லை. என் குணம் உனக்குத் தெரியும், காத்திருக்கத் தெரியாது. ஒரு வெள்ளிக்கிழமை அம்மா கோயிலுக்குப் போன நேரம் பார்த்து நானும் பர்சானாவும் அலுமாரியை இழுத்தோம்.

அதன் நாலு காலும் நின்ற இடம் சீமெந்தில் நாலு வெள்ளைக் கட்டமாக இருந்தது. பர்சானா தன் வீட்டிலிருந்து இரண்டு தடித்த போர்வைகளைப் பெரிய பையில் அடைத்து, பாலம் தாண்டி பஸ்ஸில் கொண்டுவந்திருந்தாள். பஸ்ஸில் எல்லாரும் இவள் வீட்டை விட்டு வெளிக்கிடுகிறாள் என்று நினைத்தார்களாம். கொடி கட்டி மேசையின் இரண்டு பக்கமும் அவற்றைத் தொங்கவிட்டோம். அவளுடைய அண்ணன் பாவித்து விட்ட மைக், என் பழைய லப்டொப், அடியில் மெத்தைத் துண்டு. 'ப' வரும்போது மைக்கில் காற்று வெடிக்காமலிருக்க, உன் வளையல் ஒன்றில் மெல்லிய துணியை இழுத்துக் கட்டி முன்னால் வைத்தோம். இதுதான் என் ஸ்டூடியோ. இரண்டு கட்டிலுக்கு நடுவே, ஒரு ஆள் மடங்கி இருக்கக்கூடிய இடம்.

அம்மா கோயிலால் வந்து அறைக்குள் நுழைந்தார். விளக்குப் போடவில்லை, அவர் அந்த அறையில் விளக்குப் போடுவதில்லை. நான்கு அடி வைத்தார். இரண்டு அடி வைத்தார். திருநீற்றுக் கடதாசிச் சரையை அலுமாரி மேல் வைக்கக் கையை நீட்டினார். அங்கே ஒன்றுமில்லை. கை அப்படியே நின்றது.

என்னை ஒன்றும் ஏசவில்லை. உன் கட்டில் இப்போது எங்கே நிற்கிறது என்று தேடி, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். மறுநாள் நான் பதியப்போகிறேன், கொஞ்ச நேரம் விறாந்தையில் இருங்கோ என்று கேட்டபோது, "இது என்ர அறையும்தான்" என்றார்.

அதன்பிறகு ஒவ்வொரு நாளும் அப்படித்தான் நடந்தது. வேலை முடிந்து இரண்டு மணிக்கு வீடு வருவேன். ஊர் சாப்பிட்டுப் படுத்திருக்கும் இரண்டு மணித்தியாலம்தான் எனக்குக் கிடைக்கும். ஃபானை நிற்பாட்டவேண்டும், இல்லாவிட்டால் அது பதிவில் இரையும். யன்னலை அலுமாரி மறைத்துவிட்டது. அந்த வெக்கையில் போர்வைகளுக்கு நடுவே வேர்த்து வழிய நான் வாசிப்பேன். எனக்குப் பின்னால் கட்டிலில் அம்மா வேர்த்து வழியப் படுத்திருப்பார். துறைமுகத்தில் கப்பல் ஊதினால் நிறுத்துவேன், அந்த வசனத்தை முதலிலிருந்து வாசிப்பேன். அம்மா எழும்பிப் போகமாட்டார்.

நாலாம் பாடத்துக்குப் பிறகு தர்சிகா கேட்டாள். "அக்கா, இப்ப நல்லாக் கேக்குது. ஆனா இடைக்கிடை நீங்கள் சும்மா நிக்கிறீங்கள். ஆரோ கதைப்பினம் எண்டு பாத்துக்கொண்டு நிக்கிறமாதிரி. போன் நிண்டிட்டுதோ எண்டு நான் தட்டிப் பாக்கிறன்."

நான் பதிவுகளைத் திரும்பக் கேட்டேன். அவள் சொன்னது சரி. நான் உனக்கு வாசித்த பழக்கத்தில் வாசித்திருக்கிறேன். நீ ஒரு பந்தியை முழுதாகக் கேட்டது எப்போது? "இருடி, உந்த ராசாவுக்கு விசரோ?" என்பாய். "அது பிழை, போன பாடத்தில வேற மாதிரிச் சொன்னவங்கள்" என்பாய். நீ குறுக்கே வரும் இடங்களிலெல்லாம் நான் உனக்காக இடம் விட்டு நின்றிருக்கிறேன். ஒரு பின்னேரம் முழுக்க இருந்து அந்த இடைவெளிகளை ஒவ்வொன்றாக வெட்டினேன். தர்சிகாவுக்குச் சோதனை. அவளுக்கு நேரமில்லை.

இனி வரவேண்டியதற்கு வருகிறேன்.

நீ ஏ.எல். எடுத்த வருடம் உனக்குப் பத்தொன்பது வயது, எனக்குப் பதினாறு. நான்தான் உனக்குக் கண் என்று எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அது பெருமையாகவும் இருந்தது, விலங்காகவும் இருந்தது. போரை நிறுத்திச் சமாதானம் என்று சொல்லிச் சோதனைச் சாவடிகள் கொஞ்சம் தளர்ந்திருந்த காலம் அது. பொழுதுபட்ட பிறகும் கடற்கரையில் நிற்கலாம் என்பதே எங்களுக்குப் பெரிய புதினம். ஒரு பின்னேரம் என் சிநேகிதிகள் வாசலில் வந்து மணியடித்துக்கொண்டு சைக்கிளில் நின்றார்கள். நான் உனக்கு ஒரு பாடத்தை வாசித்து முடித்திருந்தேன். அடுத்தது துறைமுகங்களைப் பற்றிய பாடம், பதினேழு பக்கம். அந்தப் பதினேழையும் ஒரே பிடியில் புரட்டினேன்.

உனக்குத் தாளின் சத்தம் கேட்டது. "என்னடி, கனக்கப் புரளுது?"

"படங்கள் அக்கா. இந்தப் பகுதி முடிஞ்சுது. நாளைக்கு அடுத்த பாடம் வாசிப்பம்."

நாளைக்கு வாசித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக. ஆனால் மறுநாள் அடுத்த பாடத்தை வாசித்தேன், அதற்கு மறுநாள் அதற்கடுத்தது. திரும்பிப் போய் வாசித்தால் பொய் வெளியே வந்துவிடும். பிறகு நானே அதை மறந்துவிட்டேன்.

சோதனை முடிந்து நீ வீட்டுக்கு வந்து கட்டிலில் இருந்தாய். அம்மா உனக்குத் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். "வெளிநாட்டார் ஏன் திருகோணமலைத் துறைமுகத்துக்குப் போட்டி போட்டவை எண்டு ஒரு பெரிய கேள்வி, அம்மா. பிறந்ததில இருந்து கப்பல் ஊதுறதைக் கேக்கிறன். ஏனெண்டு எனக்கு ஒரு வரி சொல்ல வரேல்லை. எனக்காக எழுத வந்த மிஸ் பேனையைப் பிடிச்சுக்கொண்டு பாவம் சும்மா இருந்தா" என்று சொல்லிச் சிரித்தாய். பிறகு என் பக்கம் திரும்பினாய். "புத்தகத்தில அப்பிடி ஒண்டும் இல்லைத்தானே, ராகினி?"

"இல்லை அக்கா" என்றேன். "புத்தகத்துக்கு வெளியால கேட்டிருப்பாங்கள்."

கம்பஸ் அனுமதி மயிரிழையில் உனக்குக் கிடைக்காமல் போனது. அந்த ஒரு கேள்வி அதைத் தந்திருக்குமா? எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் துணியவில்லை. இரண்டாம் தரம் எடுக்கட்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். "ஒருக்கா அலைஞ்சது காணும். வீட்டில இருக்கட்டும்" என்று அம்மா சொல்லிவிட்டார். நீ வீட்டில் இருந்தாய். இருபது வருடத்துக்கு மேல் அந்தக் கட்டிலில் இருந்து மற்றவர்களுக்கு ஓட்டோ அனுப்பினாய்.

தர்சிகாவின் புத்தகம் புதியது. ஆனால் அந்தப் பாடம் அதிலும் இருந்தது, ஒன்பதாவதாக. எட்டாம் பாடத்தை அனுப்பினேன். பிறகு பத்தாவதை அனுப்பினேன். மூன்றாம் நாள் அவளுடைய குரல் வந்தது.

"அக்கா, எட்டுக்குப் பிறகு பத்து வந்திருக்கு. ஒன்பது எங்க?"

நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "அது அவ்வளவு முக்கியமில்லை, தங்கச்சி." நாற்பது வயது முட்டப்போகிறது. அதே வாய்.

அவள் கோபப்படவில்லை. "முக்கியமோ இல்லையோ எண்டு நான் பாத்துக்கொள்ளுறன் அக்கா. நீங்கள் வாசிச்சு மட்டும் விடுங்கோ" என்றாள்.

மறுநாள் ஃபானை நிற்பாட்டினேன். மைக் முன்னால் இருந்தேன். முதல் மூன்று பக்கம் குரல் தடுமாறாமல் போனது. நாலாம் பக்கத்தில் தடித்த எழுத்தில் இருந்த தலைப்பை வாசித்தேன்: திருகோணமலைத் துறைமுகத்துக்கான போட்டிக்குரிய காரணங்கள். பின்னால் கட்டில் கிரீச்சிட்டது.

"நிப்பாட்டு" என்றார் அம்மா.

"அம்மா, பதிவு போகுது."

"நிப்பாட்டு எண்டுறன். இது கௌரிக்கு வந்த கேள்வி." அம்மா எழும்பிக் கட்டில் ஓரத்தில் இருந்தார். "புத்தகத்தில இல்லை எண்டு சொன்னனி."

"ஓம்."

"இருந்ததோ?"

"இருந்தது அம்மா. நான் வாசிக்கேல்லை. புரட்டி விட்டிட்டன்."

அம்மா கட்டிலை விட்டு எழும்பினார். "அவளுக்குத் தெரியுமோ?"

"நான் சொல்லேல்லை."

அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். பதிவு ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை. அந்தச் செருப்புச் சத்தம் முற்றத்தைத் தாண்டிப் படலை சாத்தப்படும் வரை அதில் இருக்கிறது. அதை அழிக்கவும் மனம் வரவில்லை, திரும்பக் கேட்கவும் துணிவில்லை. அன்றைக்கே அந்தப் பாடத்தை முதலிலிருந்து கடைசி வரை வாசித்தேன். குரல் கம்மிய இடங்களைத் திரும்ப வாசித்தேன். அனுப்பினேன்.

அம்மா ஒன்பது நாள் என்னோடு கதைக்கவில்லை. சாப்பாட்டைப் போட்டு மூடிவைப்பார். படுக்கையை விறாந்தைக்கு மாற்றிக்கொண்டார். நான் எதைக் கேட்டேனோ அது கிடைத்தது. அறை முழுதாக எனக்கு. தர்சிகா சொன்னாள்: "இப்ப நல்ல துப்புரவாக் கேக்குது அக்கா. முந்தி உங்களுக்குப் பின்னால ஒரு மூச்சுக் கேக்கும். இப்ப அது இல்லை."

பத்தாம் நாள் தர்சிகாவே வந்துவிட்டாள். சோதனையில் அவளுக்காக எழுத ஒருவரை ஒழுங்குபண்ணும் அலுவலாகத் தகப்பனோடு டவுனுக்கு வந்தவள். தகப்பன் அவளை நம் வாசலில் விட்டுவிட்டு வலை நூல் வாங்கப் போனார். மெலிந்த பிள்ளை, பெரிய சிரிப்பு. "எங்க இருந்து வாசிக்கிறீங்கள் எண்டு பாக்கவேணும் அக்கா" என்றாள். நான் எழும்புவதற்கு முன்னமே அம்மா அவள் கையைப் பிடித்துவிட்டார்.

"வா பிள்ளை. நாலு அடி வை. இப்ப வலப்பக்கம் கட்டில். இனி ரெண்டு..."

மேசை மூலையில் தர்சிகாவின் முழங்கால் மடாரென்று இடித்தது. "ஐயோ!" என்று கத்தியது அம்மாதான். தலையில் கைவைத்துக்கொண்டு அப்படியே நின்றார். தர்சிகா முழங்காலைத் தடவிக்கொண்டு சிரித்தாள்.

"ஒண்டுமில்லை அம்மா. எங்கட வீட்டில கதிரையும் வலையும் நாளுக்கொரு இடத்தில கிடக்கும். விழுந்து விழுந்துதான் நான் பழகினனான். ஒண்டும் அசையாத வீடெண்டால் நான் பஸ் ஏறப் பழகியிருக்க மாட்டன்."

அவள் ஒன்றும் நினைத்துச் சொல்லவில்லை. போர்வைகளைத் தடவிப் பார்த்தாள், மைக்கை முகர்ந்து பார்த்தாள், துணி கட்டிய வளையலைத் தொட்டுவிட்டு "இது ஆருடைய காப்பு?" என்று கேட்டாள். நான்தான் பதில் சொன்னேன். அம்மா யன்னலை மறைத்து நின்ற அலுமாரியையே பார்த்தபடி இருந்தார்.

தேத்தண்ணி குடித்து முடிந்தது. தகப்பனைக் காணவில்லை. அம்மா திடீரென்று, "துறைமுகம் பாக்கப் போவமோ பிள்ளை?" என்று கேட்டார். அம்மா கோயிலுக்கும் சந்தைக்கும் தவிர வெளிக்கிட்டு எத்தனை வருடம்! மூன்று பேரும் நடந்தோம். உட்துறைமுக வீதியில் தண்ணீர்க் கரையோரம் போய் நின்றோம். தூரத்தில் சீமெந்துக் கப்பல் ஒன்று நின்றது. காற்றில் டீசலும் மீனும் மணத்தன.

"ஏன் பிள்ளை உதுக்கு எல்லாரும் அடிபட்டவங்கள்?" என்று அம்மா கேட்டார்.

தர்சிகா வாத்தியாருக்குச் சொல்வதுபோல நிமிர்ந்து நின்றாள். "ஆழம் அம்மா. எவ்வளவு பெரிய கப்பலும் கரைக்குக் கிட்ட வரலாம். சுத்திவர மலை, அதால உள்ளுக்குப் பெரிய அலை இல்லை. சோழகக் காத்து அடிச்சாலும் வாடைக் காத்து அடிச்சாலும் கப்பல் வந்து ஒதுங்கலாம். இதைப் பிடிச்சு வைச்சிருக்கிறவன் வங்காள விரிகுடா முழுக்கக் காவல் பாக்கலாம். அதால போர்த்துக்கேயர் வந்தவங்கள், ஒல்லாந்தர் வந்தவங்கள், பிரெஞ்சுக்காரர், இங்கிலீசுக்காரர் எல்லாரும் வந்தவங்கள்." என் சொற்கள்தான், நான் வாசித்த அதே ஒழுங்கில். ஒவ்வொரு காரணத்துக்கும் அம்மா "ஓம்", "ஓம்" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அவள் முடித்ததும் அம்மா தண்ணீரைப் பார்த்தபடி சொன்னார். "இவ்வளவுதானோ? கௌரி எழுதியிருப்பாள்."

நான் அந்த இடத்தில் நிலத்தில் இருந்துவிட்டேன், அக்கா.

தர்சிகாவையும் தகப்பனையும் பஸ் ஏற்றிவிட்டு வீடு வந்தோம். குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்த அம்மா, நிமிர்ந்து பாராமலே பேசினார். "நீ பதினேழு பக்கம் விட்டனி. நான் அவளை வெளியாலயே விடேல்லை." நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "பேசாதை" என்றார். திருவலைச் சத்தம் தொடர்ந்தது. மறுநாள் இரண்டு மணிக்கு, நான் மைக் முன்னால் இருந்தபோது, படுக்கையைச் சுருட்டிக்கொண்டு அறைக்குள் வந்து உன் கட்டிலில் படுத்தார். தானே கையை நீட்டி ஃபானை நிற்பாட்டினார். என்னை மன்னித்தாரா என்று நான் கேட்கவில்லை. கேட்கிற உரிமை எனக்கில்லை என்றுதான் நினைக்கிறேன்.

சரித்திரச் சோதனை அன்று லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்கூட வாசலில் தர்சிகாவின் தகப்பனோடு நின்றேன். நான் நிற்கவில்லை, நடந்தேன். மதிலின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை. அவர் ஒரு கட்டத்தில், "பிள்ளை, சோதனை எழுதிறது என்ர மகளோ நீங்களோ?" என்று கேட்டார். தர்சிகா வெளியே வந்தாள். என் காலடிச் சத்தத்தை வைத்தே என் பக்கம் திரும்பினாள்.

"துறைமுகத்தில இருந்து ஒண்டும் வரேல்லை அக்கா."

என் நடை நின்றது.

"அக்கா? நிக்கிறீங்களோ? வராட்டிலும் பரவாயில்லை. எனக்கு அந்தப் பாடம்தான் நல்லாப் பிடிச்சது."

நான் சிரித்தேன், பிறகு மதிலில் சாய்ந்து அழுதேன். தகப்பனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஓடிப்போய் எனக்கொரு சோடா வாங்கிவந்து தந்தார்.

பெறுபேறு இன்னும் வரவில்லை. அவள் பொறுமையாக இருக்கிறாள், என்னால்தான் முடியவில்லை. தினமும் போனைத் திறந்து பார்க்கிறேன். நடுவில் உன் பழைய செய்தியையும் கேட்கிறேன். நல்லா வாசிப்பாள். அன்றைக்குத் தாள் புரண்ட சத்தம் உனக்குத் தெரியாததா, அக்கா? ஓட்டோவின் இஞ்சின் சத்தத்தை வைத்தே டிரைவரின் பெயரைச் சொன்னவள் நீ. பதினேழு பக்கத்தின் கனத்தையும் இரண்டு படத்தின் கனத்தையும் உன்னால் பிரித்துச் சொல்ல முடியாதா? தெரிந்துகொண்டேதான் அந்தப் பிள்ளையிடம் என்னைப் பற்றி அப்படிச் சொன்னாயா? இதற்கு யார் எனக்குப் பதில் சொல்வது?

உன் போனுக்குப் போன கிழமை புதிதாக ஒருவர் எடுத்தார். மூதூரில் பள்ளிக்கூட வான் ஓட்டியவராம், சீனி நோயில் கண் போய்விட்டது. தர்சிகாவிடம் நம்பர் வாங்கியிருக்கிறார். "எனக்குச் சோதனை ஒண்டும் இல்ல தங்கச்சி" என்றார். "காலமைப் பேப்பரை வாசிச்சு அனுப்ப ஏலுமா? மரண அறிவித்தலையும் விளம்பரத்தையும் விட்டிராதீங்க. எதை விடுறது எண்டு நீங்க முடிவெடுத்தா, பிறகு அது என்ர பேப்பர் இல்லையே." நான் சரி என்றேன். நாளைக் காலையிலிருந்து, வேலைக்குப் போவதற்கு முன்னால். ஐந்து மணிக்கே எழுப்பிவிடுகிறேன் என்று அம்மா சொல்லியிருக்கிறார்.

உனக்கு என்னால் கொடுக்கக்கூடிய வாக்கு இது ஒன்றுதான். களைத்தாலும், வாசலில் யார் வந்து கூப்பிட்டாலும், கடைசி விளம்பரத்தின் கடைசிச் சொல்வரை வாசித்துவிட்டுத்தான் "முடிஞ்சுது" என்பேன். நடுவில் ஏதாவது பிழையாக வாசித்தால், எப்போதும் போல நீ குறுக்கே வா.

உன்னோடு ஒரே அறையில் வளர்ந்த தங்கச்சி,
ராகினி